கேலரியைக் காலி செய்த கேமரா யாருடையது?

(சாந்தோமில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கால்பந்து நேரலையால் கீழ்மட்ட கிளப்புகளுக்கு நன்மையா, கேடா? இந்தத் தலைப்பைச் சென்னை ஃபுட்பாலை அறிந்தவர்களிடம் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். நேரலை வந்து கூட்டத்தைக் கெடுத்துவிடுமாம். கெடுவதற்கு அங்கே கூட்டம் இருந்தால்தானே! சிரிப்பில் நியாயம் உண்டு. பெரியமேட்டில் இருக்கும் நேரு விளையாட்டரங்கம் ஏறத்தாழ 40,000 பேர் உட்காரக் கட்டியது. அங்கே வேலைநாள் பிற்பகலில் நடக்கும் லீக் ஆட்டத்துக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கும் அணி, கிளப் செயலாளர், ரிட்டயர் ஆன இரண்டு மூன்று பழைய ஆட்டக்காரர்கள், ஏதோ ஒரு கோல்கீப்பரின் அண்ணன். இந்தியன் வங்கி, ஏ.ஜி. ஆபீஸ், தெற்கு ரயில்வே, வருமான வரித் துறை, ஐ.சி.எஃப். என்று ஆபீஸ் அணிகளும் ஹிந்துஸ்தான் ஈகிள்ஸ் போன்ற கிளப்புகளும் மோதிவந்த லீக் இது. இவற்றில் இந்தியன் வங்கி, தேசிய லீகில் கொல்கத்தா, கோவா அணிகளோடு சரிக்குச் சரி நின்ற அணி.

ஆனாலும் கேள்வியை அப்படித் தள்ளிவிட முடியாது. சென்னையின் கேலரி காலியானதிலும் ஒளிபரப்புக்குப் பங்கு உண்டு. அது நம் ஆட்டத்தின் ஒளிபரப்பு அல்ல.

கதையை இங்கிலாந்தில் தொடங்க வேண்டும். பர்ன்லி, அந்நாட்டின் வடமேற்கில் பருத்தி ஆலைகளால் வளர்ந்த சிறிய நகரம். அந்த ஊர் கிளப்பின் தலைவர் பாப் லார்ட், இறைச்சி வியாபாரி; வாயும் அதிகம், பிடிவாதமும் அதிகம். 1964 ஆகஸ்டில் பி.பி.சி. 'மேட்ச் ஆஃப் தி டே' நிகழ்ச்சியைத் தொடங்கியபோது, தன் மைதானத்துக்குள் அவர்களின் கேமராவே நுழையக் கூடாது என்று தடுத்தவர். சனிக்கிழமை பிற்பகலில் பெரிய அணிகளின் ஆட்டத்தை வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம் என்றால், உள்ளூர்ச் சின்ன கிளப்புக்கு டிக்கெட் எடுத்துப் போக யாருக்கு மனம் வரும் என்று அவர் கேட்டார். லீக் நிர்வாகம் அந்த வாதத்தை ஏற்றது. சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் நேரலையாகக் காட்டுவதில்லை என்ற வழக்கம் அங்கிருந்து வந்தது. யூஃபா சட்டவிதிகளின் 48ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. அறுபது ஆண்டு கழித்தும் அந்த வேலி நிற்கிறது.

வேலி தேவைதானா என்று கேட்பவர்கள் ஜெர்மனியைக் காட்டுகிறார்கள். அங்கே மூன்றாம் டிவிஷனின் 380 ஆட்டங்களும் 2017 முதல், இன்று மெஜந்தா ஸ்போர்ட் எனப்படும் சேவையில் நேரலையாக வருகின்றன. ஒன்றுகூட விடுபடுவதில்லை. அப்படியிருந்தும் 2023–24 சீசனில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் டிக்கெட் எடுத்து வந்தார்கள். டிரெஸ்டன் போன்ற பழைய பெயர்கள் அப்போது அந்த டிவிஷனில் விழுந்து கிடந்ததும் அதற்கு ஒரு காரணம். எப்படியானாலும், தன் அணி ஆடுவதை நேரலையில் காட்டினால் ரசிகன் வீட்டிலேயே தங்கிவிடுவான் என்ற பயம் அங்கே பலிக்கவில்லை.

இங்கிலாந்திலேயே வேலியில் ஓட்டைகள் விழுந்துவிட்டன. 2017–18இல் கீழ் டிவிஷன் கிளப்புகளுக்காக 'ஐ-ஃபாலோ' என்ற நேரலைச் சேவை வந்தது. முதலில் வெளிநாட்டு ரசிகர்களுக்கு, பிறகு வார நடு ஆட்டங்களுக்கு உள்நாட்டிலும். கொரோனா காலத்தில் அரங்குகளைப் பூட்டியபோது, ஆட்டத்துக்குப் பத்து பவுண்டு கட்டி அதில் பார்த்தார்கள். சிறிய கிளப்புகளுக்கு அந்த நாட்களில் கையில் வந்த காசு அதுதான். 2024–25 முதல் ஸ்கை நிறுவனம் ஐந்தாண்டுக்கு 93.5 கோடி பவுண்டு கொடுத்து, ஒரு சீசனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களைக் காட்டுகிறது. அதற்கு விலையும் உண்டு. மூன்று மணி ஆட்டம் பன்னிரண்டரைக்கும் வெள்ளிக்கிழமை இரவுக்கும் நகர்கிறது. வெளியூர் ரசிகர் விடியற்காலையில் பஸ் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கில் எது சென்னைக்குப் பொருந்தும்? வாசல் வசூல் பற்றிய பகுதி பொருந்தாது. லீக் ஆட்டத்துக்கு இங்கே டிக்கெட் வசூல் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. இல்லாத வசூலை நேரலை தின்ன முடியாது. பொருந்துவது லார்டின் மூல வாதம்: பெரிய இடத்து ஆட்டம் வீட்டுக்குள் வந்தால் சின்ன இடத்து மைதானத்துக்கு ஆள் வராது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. சனிக்கிழமை மூன்று மணிக்கு நடக்கும் பிரீமியர் லீக் ஆட்டத்தை லண்டன்காரர் தன் வீட்டு டிவியில் பார்க்க முடியாது. சென்னைக்காரர் பார்க்கலாம். நம் நேரத்தில் அது குளிர்காலத்தில் இரவு எட்டரை, கோடையில் ஏழரை. இங்கிலாந்து தன் சின்ன கிளப்புகளைக் காக்கப் போட்ட வேலி டோவர் கரையோடு முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டியிருக்கும் உலகத்துச் சின்ன கிளப்புகளுக்குக் காவல் யாரும் இல்லை. 1980களில் தூரதர்ஷன் உலகக் கோப்பையைக் காட்டியதில் தொடங்கி, தொண்ணூறுகளின் கேபிள் வழியாக, இன்று கையிலிருக்கும் போன் வரை இதே பாதைதான். மயிலாப்பூர், மந்தைவெளித் தெருக்களில் ஆர்சனல் ஜெர்சியும் மான்செஸ்டர் யுனைடெட் ஜெர்சியும் போட்ட பையன்களைப் பார்க்கலாம். சென்னை லீகில் போன ஆண்டு யார் ஜெயித்தார்கள் என்று அவர்களைக் கேட்டால் முழிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பார்க்கக் கிடைத்ததைப் பார்த்தார்கள்.

ஆகவே சென்னையில் நேரலை வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதத்துக்கு இடமே இல்லை. போட்டியாளர் முப்பது ஆண்டாக வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார். நம் ஆட்டமும் திரைக்கு வந்துதான் தீர வேண்டும். வந்தால் அதன் பலன் யாருக்குப் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆட்டக்காரர், லீகை நடத்தும் சங்கம், கிளப் என்று மூன்று தரப்பு உண்டு. இப்போதைய ஏற்பாட்டில் பலன் இதே வரிசையில்தான் போகிறது. கிளப் கடைசியில் நிற்கிறது.

முதலில் ஆட்டக்காரர். சென்னை லீகில் ஆடுகிறவருக்கு இரண்டு கனவுகள். ஒன்று, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயிலோ வங்கியிலோ ஒரு வேலை. இன்னொன்று, நாடு தழுவிய லீக்குகளான ஐ-லீக், ஐ.எஸ்.எல். அணிகளின் ட்ரையல்ஸ். இரண்டுக்கும் முன்பெல்லாம் யாராவது ஒருவர் நேரில் வந்து பார்த்துப் பரிந்துரைத்தால்தான் உண்டு. இப்போது லிங்க் அனுப்பினால் போதும். 63ஆவது நிமிடத்தில் இடது பக்கம் ஓடி அடித்த கிராஸை ஊர் தாண்டி இருக்கும் ஒரு கோச் தன் அறையில் உட்கார்ந்து பார்க்கிறார். வடசென்னையிலிருந்து சென்னை சிட்டி கிளப் வழியாக மேலே போன நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்ட் 12 அன்று டியூராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்காக அடித்த ஒரே கோலை நாடே பார்த்தது. நான்கரை ஆண்டு கழித்து ஈஸ்ட் பெங்கால் கொல்கத்தா டெர்பி ஒன்றை ஜெயித்தது. அவருடைய தொடக்க நாட்களின் ஆட்டங்களை அப்படி யாரும் படம் பிடித்து வைத்ததில்லை. அவருக்குப் பின்னால் வரும் பையன்களுக்கு அந்தப் பதிவு கிடைக்கும்.

குடும்பத்துக்கும் இதில் பங்கு உண்டு. பட்டினப்பாக்கம் மணலில் பந்து உதைக்கத் தொடங்கிய ஒரு பையன் லீகில் ஆடும் நாளில், அவன் அப்பாவுக்கு வேலை இருக்கும். கலங்கரை விளக்கம் நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறி, பூங்கா நகரில் இறங்கி, பெரியமேட்டுக்கு நடந்து போக வேலைநாள் பிற்பகலில் யாருக்கு வாய்க்கும்? இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போனில் பார்ப்பார். அண்ணன் துபாயில் இருந்தால் அவரும் பார்ப்பார். ஈழத்தில் இது இன்னும் பெரிய அளவில் நடக்கிறது. 2018இல் ஐ.பி.சி. தமிழ் ஊடகம் நடத்திய வடக்கு கிழக்கு பிரீமியர் லீகை யாழ்ப்பாணம் துரையப்பா அரங்கில் பார்த்தவர்கள் ஒரு பக்கம் என்றால், டொராண்டோவிலும் லண்டனிலும் இருந்து தங்கள் ஊர்ப் பெயரைத் திரையில் தேடியவர்கள் இன்னொரு பக்கம். ஊர்க் கழகத்துக்குப் புதிய ஜெர்சியும் வலையும் வாங்கிக் கொடுப்பவர்கள் அப்படிப்பட்டவர்கள்தான். அந்த மாதிரி இடத்தில் நேரலை நேரடியாகவே கிளப்புக்குச் சோறு போடுகிறது.

சென்னையில் நேரலைக்கும் கிளப்புக்கும் இடையே அந்தப் பாலம் இன்னும் எழவில்லை. இங்கே கிளப்பின் கணக்கைப் பார்த்தால் தெரியும். யூடியூபில் விளம்பர வருமானம் பெற ஒரு சேனலுக்கு ஆயிரம் சந்தாதாரர்களும் பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஒரு லீக் ஆட்டத்தை நூறு பேர் முழுதாக, தொண்ணூறு நிமிடமும் பார்க்கிறார்கள் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால் 150 மணி நேரம். பன்னிரண்டு அணிகள் ஒருமுறை மோதும் லீகில் ஒரு கிளப்புக்குப் பதினோரு ஆட்டம். 1,650 மணி நேரத்தோடு நின்றுவிடும். அதே லீகின் 66 ஆட்டங்களும் ஒரே சேனலில் வந்தால் 9,900 மணி நேரம். தனியாகப் போகிற கிளப்புக்கு வழி இல்லை. சங்கத்தின் சேனலுக்கு வழி உண்டு. அந்த வருமானமும் முதல் சில ஆண்டுகளுக்குக் கேமராக்காரரின் படிக்கே காணாது. ஆனால் எல்லோருடைய ஆட்டமும் சேர்ந்து சம்பாதிக்கும் காசில் கிளப்புக்கு எத்தனை பங்கு என்பதை முதல் நாளே எழுதி வைக்காவிட்டால், பின்னால் யாரும் எழுதப் போவதில்லை.

உள்ளூர் ஒளிபரப்பைக் காசாக்கிக் காட்டிய ஊர் ஒன்று உண்டு. மிசோரம் பிரீமியர் லீக் 2012இல் எட்டு அணிகளோடு தொடங்கியபோது, உள்ளூர் கேபிள் நிறுவனமான சோனெட் ஒளிபரப்பு உரிமைக்குப் பணம் கொடுத்து ஆட்டங்களைக் காட்டியது. டெல்லி சேனல்கள் எட்டிப் பார்க்காத ஊரில், மிசோ மொழி பேசுகிற வீடுகளுக்கு மிசோ பையன்களின் ஆட்டம் போனது. வீட்டில் முகம் தெரிந்த பிறகு மைதானத்துக்கும் ஆள் வந்தது. ஐந்தே ஆண்டில், 2017 ஏப்ரலில், ஐஸ்வால் எஃப்.சி. ஐ-லீக் சாம்பியன் ஆனது. அந்த வெற்றிக்கு கோச், ஆட்டக்காரர்கள், பணம் போட்டவர் என்று பல காரணங்கள் உண்டு. அந்தப் பட்டியலில் உள்ளூர் கேபிள்காரருக்கும் ஓரிடம் கொடுக்க வேண்டும்.

திரையை நம்பியிருக்கும் கிளப்புக்கு அந்தத் திரை திடீரென்று இருண்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு 2018–19 ஐ-லீக்கை வென்றது சென்னை சிட்டி எஃப்.சி. கடைசி நாளில் மினர்வா பஞ்சாபை 3–1 என்று வீழ்த்தி, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்காலைப் பின்னுக்குத் தள்ளியது. பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல் அடித்தார். அதே சீசனின் நடுவில்தான், ஐ-லீக் ஆட்டங்களில் பலவற்றை இனித் தொலைக்காட்சியில் காட்டப் போவதில்லை என்ற செய்தி வந்து கிளப்புகள் கொதித்தன. ஸ்பான்சரிடம் போய் "எங்கள் ஜெர்சியில் உங்கள் பெயர் வரும்" என்று சொல்லி வாங்கிய பணத்துக்கு என்ன பதில் சொல்வது? ஐ-லீக் பின்னாளில் அதிகாரப்பூர்வமாகவே இரண்டாம் நிலைக்குப் போனது. 2019இல் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியும், 2021–22 ஐ-லீக்கில் சென்னை சிட்டியின் பெயர் இல்லை. அதற்குத் திரை ஒன்றே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கண்ணில் படாத சாம்பியனுக்குப் பணம் போட ஆள் தேடுவது எவ்வளவு கடினம் என்பதை அந்தக் கிளப் நடத்தியவர்கள் அறிவார்கள்.

இனி, கையால் தொட்டுப் பார்க்கும் விஷயம் ஒன்று: படத்தின் தரம். நேரு அரங்கில் மைதானத்தைச் சுற்றித் தடகள ஓடுபாதை இருக்கிறது. கேலரியில் ட்ரைபாட் போட்டு ஒரே கேமராவை வைத்தால், எதிர் டச்லைனில் ஓடுகிறவர் தீக்குச்சி உயரம்தான் தெரிவார். முதுகு எண் தெரியாது. பிற்பகல் வெயிலில் பாதி மைதானம் வெளிறியும், கேலரி நிழல் விழும் பாதி இருண்டும் இருக்கும். வர்ணனை இல்லை. ஸ்கோர் மூலையில் வரவில்லையென்றால், நடுவில் வந்து சேர்ந்தவருக்கு யார் முன்னிலை என்பதே புரியாது, கமென்ட் பெட்டியில் "ஸ்கோர் என்ன?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். இப்படிப்பட்ட படம் லீகைப் பற்றி ஏற்கெனவே இருக்கிற இளக்காரத்தை இன்னும் கூட்டும்.

ஆள் இல்லாமல் தானே பந்தைத் தொடரும் கேமராவை வாங்கினால் செலவு மிச்சம் என்று சொல்வார்கள். ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் கலிடோனியன் திசில் கிளப் அதைச் செய்தது. 2020 அக்டோபரில் ஏர் யுனைடெட்டோடு ஆட்டம். கொரோனாவால் ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. எல்லோரும் நேரலையை நம்பி இருந்தார்கள். கேமரா லைன்ஸ்மேனின் வழுக்கைத் தலையைப் பந்து என்று எண்ணி, ஆட்டத்தை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. அந்தக் கிளப்பின் பெயரை உலகம் முழுவதும் அன்று தெரிந்துகொண்டார்கள். விளம்பரம்தான்; ஆனால் கிளப் கேட்ட விளம்பரம் அது இல்லை.

சிரிக்க முடியாத ஆபத்தும் உண்டு. எந்த ஆட்டம் நேரலையில் வருகிறதோ அதன் மேல் எங்கோ ஒருவர் பந்தயம் கட்டலாம். சம்பளம் குறைவான ஆட்டக்காரர்கள் இருக்கும் கீழ் லீக்குகளைத்தான் சூதாட்டத் தரகர்கள் தேடிப் போவார்கள். சிங்கப்பூரைச் சேர்ந்த வில்சன் ராஜ் பெருமாள் 2011இல் பின்லாந்தில் தண்டனை பெற்ற வழக்கு, அந்நாட்டின் வடக்கு மூலையில் ரோவானியெமி என்ற சிறு நகரத்து அணியைச் சுற்றியது. பெரிய கிளப்பை அவர்கள் நாடவில்லை. ஆனால் இதே கேமரா சாட்சியும் சொல்லும். 2024 பிப்ரவரியில் டெல்லி பிரீமியர் லீக் ஆட்டம் ஒன்றில், ஓர் அணியினர் தங்கள் வலைக்குள்ளேயே பந்தை அடித்த வீடியோ நாடெங்கும் சுற்றியது. விசாரணை வந்தது. படம் இல்லாதிருந்தால், அது வெறும் நான்கு கோல் தோல்வியாகச் செய்தித்தாளின் மூலையில் ஒரு வரியோடு முடிந்திருக்கும்.

மூன்றாவது ஆபத்து, வாடகை வீட்டில் குடியிருப்பது. ஐ-லீக் இரண்டாம் டிவிஷன் ஆட்டங்களைச் சில ஆண்டுகள் மைகுஜூ என்ற தளம் காட்டியது. போர்ச்சுகல் சகோதரர்கள் இருவர் தொடங்கிய நிறுவனம். டிவி தொடாத லீக்குகளுக்கு இடம் கொடுப்பதே அதன் தொழில். 2020இல் அதை இலெவன் ஸ்போர்ட்ஸ் வாங்கியது; பிறகு இலெவனை டாஸோன் வாங்கியது. இங்கே ஃபேன்கோட் பெரிய சேனல்கள் ஒதுக்கிய பல ஆட்டங்களைக் காட்டிவந்தது. அதன் தாய் நிறுவனம் ட்ரீம் ஸ்போர்ட்ஸுக்குப் பணம் வந்தது ட்ரீம்-11 விளையாட்டிலிருந்து. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நாடாளுமன்றம் தடை போட்டதும் அந்த ஊற்று நின்றது. தளங்கள் வரும், போகும், கை மாறும். பையன் ஒருவன் பத்தொன்பது வயதில் அடித்த கோலின் பிரதி தன் கிளப்பிடமே இல்லையென்றால், நாளைக்கு அதை எங்கே போய்க் கேட்பது?

கடைசியில் கிளப்பின் உரிமைக்கு வந்து சேர்கிறோம். அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பின் சி.ஆர்.எஸ். என்ற ஆட்டக்காரர் பதிவில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் எந்த ஆண்டு எந்த கிளப்பில் இருந்தார் என்று இருக்கும். ஆளை வளர்த்த கிளப்புக்குப் பயிற்சி இழப்பீடு என்ற ஏற்பாடு கால்பந்து விதிகளில் உண்டு. அந்தப் பதிவோடு படமும் சேர்ந்தால் கிளப்பின் கை ஓங்கும். அதற்குச் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. ஆட்டம் முடிந்த மறுநாளுக்குள் முழுப் பதிவின் பிரதி இரு கிளப்புக்கும் போக வேண்டும். வெட்டி, ஒட்டி, தங்கள் பக்கத்தில் போட்டுக்கொள்ள அனுமதியும் வேண்டும். சேனலில் வரும் காசு ஆட்டக் கணக்கில் எல்லா அணிக்கும் சமமாகப் பிரிய வேண்டும். ஞாயிறு காலை போன்ற நேரத்தில் வாரத்துக்கு ஓர் ஆட்டமாவது நடக்க வேண்டும்; அப்போது ஐரோப்பாவில் யாரும் விழித்திருக்க மாட்டார்கள். வர்ணனைக்குப் பழைய ஆட்டக்காரர் ஒருவர், சென்னைத் தமிழில். அரங்கில் உட்கார்ந்து அவர் எப்படியும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். மைக் மட்டும் கொடுத்தால் போதும்.

செலவு யாருடையது என்று அவையில் கேள்வி எழும். எழ வேண்டும். அணிகள் நுழைவுக் கட்டணத்தோடு சேர்த்துப் பங்கிடலாம் என்றால், சின்ன கிளப்புகள் பந்து வாங்கவே திணறுகின்றன. சங்கம் ஏற்கலாம் என்றால், சங்கத்தின் கையிருப்பும் ஸ்பான்சரை நம்பியே இருக்கிறது. சென்னை லீக்குக்குத் தங்கள் பெயரைக் கொடுத்து ஆதரித்த கல்விக் குழுமங்கள் இருந்திருக்கின்றன. அடுத்த ஸ்பான்சர் ஒப்பந்தம் எழுதும்போது கோப்பை, பேனர், பரிசளிப்பு விழா ஆகியவற்றுக்கு ஒதுக்கும் தொகையோடு இரண்டு கேமராவுக்கும் ஒரு வர்ணனையாளருக்கும் ஒரு வரி சேர்க்க முடியுமா? கிளப் செயலாளர்கள் சிலர் இங்கே வந்திருக்கிறார்கள். கேள்வி நேரத்தை அவர்களிடமிருந்து தொடங்கலாம்.